டிஸ்பர்ஷனை எங்கே ஈடுகட்டுவது: ஃபைபர் சுருளிலா, கிரேட்டிங்கிலா, ரிசீவர் சிப்பிலா?

ரிசீவரில் வந்து சேரும் ஒளியின் பவர் −21 டிபிஎம். மாட்யூலின் கீழ்வரம்பு −24. இன்னும் 3 டிபி கையில் இருக்கிறது. ஆனாலும் இன்டர்ஃபேஸில் சிஆர்சி எரர் (டேட்டா சிதைந்து வருவதன் அறிகுறி) நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகிறது. பேட்ச் கார்டைத் துடைத்தாயிற்று, எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) மாற்றியாயிற்று, எதிர்முனையிலும் மாற்றியாயிற்று. கடைசியில் ஃபைபர் நீளத்தை அளக்கும் ஓடிடிஆர் கருவியை வைத்துப் பார்த்தால், 76 கி.மீ. இருந்த பாதை 97 கி.மீ. ஆகியிருந்தது. சாலை விரிவாக்கத்தில் கேபிள் வெட்டுப்பட்டபோது வேறு பாதையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, லிங்க் எழுந்துவிட்டது என்று டிக்கெட்டை மூடியிருந்தார்கள்.

நான் கவனித்துவந்த லிங்க்கில் நடந்தது இது. வெளிச்சம் வேண்டிய அளவு வந்து சேர்ந்தது. வந்த வெளிச்சத்தில் ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் நடுவே இடைவெளிதான் இல்லை. ஃபைபருக்குள் ஒளித்துடிப்பு போகப்போக விரியும் இந்த விளைவுதான் டிஸ்பர்ஷன்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: டிசிஎம் சுருள் (எதிர் டிஸ்பர்ஷன் உள்ள ஃபைபர்) போடுவதா, கிரேட்டிங் (அலைநீளத்துக்கு ஏற்ப ஒளியைத் திருப்பி அனுப்பும் ஃபைபர்) வாங்குவதா, அல்லது செலவோடு செலவாகக் கோஹரன்டுக்கே (ரிசீவர் சிப்பே ஈடுகட்டும் முறை) போய்விடுவதா? இந்த 97 கி.மீ. லிங்க்கையே உரைகல்லாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

## கணக்கு எப்படி வருகிறது

பள்ளியில் முப்பட்டகத்தில் வெள்ளை ஒளி ஏழு நிறமாகப் பிரிவதை நிறப்பிரிகை என்று படித்தோமே, அதே சங்கதிதான் ஃபைபருக்குள்ளும் நடக்கிறது. லேசர் ஒளி ஒரே நிறமாகத் தெரிந்தாலும் அதன் மேல் 10ஜி (வினாடிக்கு 10 கிகாபிட்) டேட்டாவை ஏற்றியதும் நிறமாலை சுமார் 0.08 நானோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நாம் ஊரெல்லாம் புதைத்து வைத்திருக்கும் ஜி.652 என்ற வழக்கமான ஃபைபரில், 1550 நானோமீட்டர் பக்கம், நீள அலைநீளம் சற்றுப் பின்தங்கும். குட்டை அலைநீளம் முந்தும். எவ்வளவு? நானோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 17 பிகோவினாடி.

97 கி.மீ. என்றால் 97 × 17 = 1,649 பிகோவினாடி/நா.மீ. இதை 0.08-ஆல் பெருக்கினால் சுமார் 132 பிகோவினாடி விரிவு. 10ஜி-யில் ஒரு பிட்டுக்கு ஒதுக்கிய நேரம் 100 பிகோவினாடி. பிட் தன் அறையை நிரப்பி அடுத்த அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. 80 கி.மீ. என்று விற்கப்படும் டிடபிள்யூடிஎம் (ஒரே ஃபைபரில் பல அலைநீளச் சானல்களை ஓட்டும் முறை) எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல்கள் பல 1,400 பிகோவினாடி/நா.மீ. அளவோடு கைவிரித்துவிடும். சில 1,600 வரை இழுக்கும். பழைய 76 கி.மீ.யில் எங்களுக்கு இருந்தது 1,292. அதனால்தான் அதுவரை யாருக்கும் இது உறைக்கவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் நான்கு மடங்கானால் நிறமாலை நான்கு மடங்கு விரிகிறது. பிட்டின் அறையோ நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆகத் தாங்குதிறன் பதினாறில் ஒன்றாகிவிடும். 2.5ஜி-க்கு ஆயிரம் கி.மீ. வரை கவலையே இல்லாத அதே ஃபைபர், 10ஜி-க்கு அறுபது எழுபது கி.மீ.யில் முனகத் தொடங்குகிறது. பழைய பாணி 40ஜி-க்கு நான்கு கி.மீ.யே அதிகம்.

## எதை வைத்து எடைபோடுவது

விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் இரண்டு வருடத்தில் மறுபடி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். என் வரிசை இது.

முதலாவது, மிச்ச டிஸ்பர்ஷன்: ஈடுகட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது, அது எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி மிஞ்சுகிறதா? இரண்டாவது, டிபி இழப்பு. அதைச் சரிக்கட்ட ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருந்தால் அதன் விலையும் இரைச்சலும் ஈட்டின் விலையில்தான் சேரும். மூன்றாவது, கூடுதல் தாமதம். நான்காவது, ஃபைபரின் நேரிலா விளைவுகளை (பவர் கூடும்போது சிக்னலைக் கெடுப்பவை) கிளப்பிவிடுமா என்பது. ஐந்தாவது, பாதையின் நீளம் மாறினால் என்ன ஆகும். நம் ஊரில் இது நூலில் படிக்கும் கேள்வி அல்ல, மாதம் ஒருமுறை வரும் கேள்வி.

ஆறாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: இன்று லைனில் வைப்பது நாளை அதே லைனில் வரப்போகும் சிக்னலுக்குத் துணையாக இருக்குமா, முட்டுக்கட்டையாகுமா?

## வாங்குவதற்கு முன்

ஓடிடிஆர் எடுங்கள். வரைபடத்தில் இருக்கும் நீளம், சாலைத் தூரம், பழைய ஒப்படைப்புத் தாள் எதையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு மேன்ஹோலிலும் விட்டுவைத்த லூப், ஒவ்வொரு வெட்டுக்கும் சேர்த்த துண்டு எல்லாம் கூடி, ஃபைபர் நீளம் சாலைத் தூரத்தை எப்போதும் தாண்டும்.

ஃபைபர் எந்த வகை என்று பாருங்கள். பழைய நீண்டதூரப் பாதைகள் சிலவற்றில் ஜி.655 இருக்கும், அதன் டிஸ்பர்ஷன் கி.மீ.க்கு நான்கு ஐந்து பிகோவினாடிதான். அதற்கு ஜி.652 கணக்கில் டிசிஎம் போட்டால் மிகைஈடாகி, இல்லாத நோயை நாமே வரவழைத்ததாகும்.

பிஎம்டி-யையும் அளந்துவிடுங்கள். முனைவாக்கத்தால் வரும் விரிவு அது, வேறு வியாதி. 10ஜி-க்குச் சராசரியாக 10 பிகோவினாடி வரை பொறுக்கும். அதைத் தாண்டிய பழைய ஃபைபரில் எந்த டிசிஎம்மும் உதவாது.

தூரம் 40 கி.மீ.க்குள் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஜி.652-இன் டிஸ்பர்ஷன் 1310 நானோமீட்டர் பக்கம் பூஜ்யத்தைத் தொடுகிறது. 100ஜி இஆர்4 மாட்யூல் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. இசட்ஆர்4 என்று 80 கி.மீ. வரைக்கும்கூட வந்துவிட்டது. அங்கே இடிப்பது இழப்பு: கி.மீ.க்கு 0.35 டிபி. 80 கி.மீ.க்கு 28 டிபி ஆகிவிடும்; இரண்டு பக்க ஓடிஎஃப்பும் (ஃபைபர் வந்து முடியும் இணைப்புப் பலகை) பத்து ஸ்ப்ளைஸும் (ஃபைபர் ஒட்டு) சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். எங்கள் 97 கி.மீ.க்கு 34 டிபி, அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது. ஒரே ஒரு 100ஜி போதும், டிடபிள்யூடிஎம் வேண்டாம், தூரம் 60 கி.மீ. என்று இருப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்பர்ஷனே இல்லாத ஃபைபரைப் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். போட்டுப் பார்த்தார்கள். ஜி.653 வகையில் பூஜ்யப் புள்ளியை 1550-க்கே நகர்த்தினார்கள். ஜப்பானில் அதை நிறையவே புதைத்தார்கள். ஒற்றை அலைநீளத்துக்கு அது அருமை. டிடபிள்யூடிஎம் வந்ததும் பக்கத்துப் பக்கத்துச் சானல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தோளோடு தோள் ஓடி, நான்கலைக் கலப்பு என்ற விளைவால் ஒன்றன் சக்தியை ஒன்று திருடத் தொடங்கின. டிஸ்பர்ஷன் கொஞ்சம் இருந்தால்தான் சானல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும். கீழே கோஹரன்டுக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

## டிசிஎஃப் சுருள்

எதிர்மறை டிஸ்பர்ஷன் உள்ள தனி ஃபைபரை (டிசிஎஃப்) சுருளாகச் சுற்றி, ஒரு ரேக் யூனிட் பெட்டிக்குள் (டிசிஎம்) வைத்து, இரண்டு கனெக்டர் வெளியே விட்டிருப்பார்கள். மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். கி.மீ.க்கு சுமார் −100 பிகோவினாடி/நா.மீ. என்ற அளவில் இருப்பதால், 80 கி.மீ. ஜி.652-ஐ ஈடுகட்ட பதினாலு கி.மீ. டிசிஎஃப் போதும். பெட்டியின் மேல் ‘டிசிஎம்-80’ என்றோ −1360 என்றோ ஒட்டியிருக்கும். அந்த 80 என்பது பெட்டிக்குள் இருக்கும் நீளமல்ல, அது ஈடுகட்டும் நீளம். புதிதாக வருபவர்கள் இதில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதன் பெரிய பலம், முழு சி-பேண்டையும் (1550 நானோமீட்டர் பக்கத்து அலைநீளப் பட்டை) ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும். ஜி.652-இன் டிஸ்பர்ஷன் அலைநீளத்தோடு சாய்ந்து ஏறும். 1530-க்கும் 1565-க்கும் இடையே கி.மீ.க்கு இரண்டு பிகோவினாடி வரை வித்தியாசம். 80 கி.மீ.யில் அது 160 பிகோவினாடி/நா.மீ. நல்ல டிசிஎஃப்பில் இந்தச் சாய்வுக்கும் எதிர்ச்சாய்வு வைத்தே இழுத்திருப்பார்கள். ஒற்றை ஸ்பான் (ஓர் ஆம்ப்ளிஃபையர் நிலையத்திலிருந்து அடுத்தது வரையுள்ள ஃபைபர்) 10ஜி-க்கு இது பெரிய விஷயமில்லை. பத்து ஸ்பான் தாண்டும் லைனில் சாய்வு பொருந்தாத டிசிஎம் போட்டால், நடுச் சானல் நன்றாக ஓடும், ஓரச் சானல்கள் செத்துக்கிடக்கும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். டிசிஎஃப்பின் இழப்பு கி.மீ.க்கு அரை டிபி அளவில். கனெக்டர், ஸ்ப்ளைஸ் எல்லாம் சேர்த்து டிசிஎம்-80 ஏழெட்டு டிபி தின்றுவிடும். எங்கள் லிங்க்குக்கு டிசிஎம்-40 போதும் (1,649-இல் 680 கழித்தால் 969, மாட்யூல் நிம்மதியாகத் தாங்கும்). ஆனால் அதன் இழப்பே 5 டிபிக்குக் குறையாது. −21 டிபிஎம்மில் இருந்த பவர் −26-க்கு இறங்கிவிடும். ரிசீவரின் வரம்பு −24. டிஸ்பர்ஷனைத் தீர்க்கப் போய் பவர் இல்லாமல் போகிறது. எனவே ஒரு ஈடிஎஃப்ஏ, அதாவது ஒளியையே பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். அப்போது கொள்முதல் தாளில் பெட்டி இரண்டு, மின் இணைப்பு, அலாரம் கண்காணிப்பு, உதிரி எல்லாம் ஏறிக்கொள்கின்றன. ஈடிஎஃப்ஏ-வைப் பிரீஆம்ப்பாக (ரிசீவருக்குச் சற்று முன்) வைத்தால் அதன் வெளியீட்டை −7 டிபிஎம்முக்குக் கீழே அடக்கிவிட்டுத்தான் இசட்ஆர் (80 கி.மீ. வகை) மாட்யூலில் செருக வேண்டும். அதிலுள்ள நுண்ணுணர்வுள்ள ஏபிடி ரிசீவர் அதற்கு மேல் தாங்காது.

அடுத்தது, சுருளின் உள்ளே ஒளி ஓடும் பரப்பு. சாதாரண ஃபைபரில் சுமார் 80 சதுர மைக்ரான், டிசிஎஃப்பில் இருபது சொச்சம். அதே பவர் நான்கு மடங்கு நெருக்கத்தில் ஓடுவதால் நேரிலா விளைவுகள் சீக்கிரம் தலைதூக்கும். பூஸ்டரின் (அனுப்பும் முனை ஆம்ப்ளிஃபையர்) வெளியீட்டை நேராக டிசிஎம்முக்குள் தள்ளுவது அதனால்தான் தவறு. சானலுக்கு பூஜ்யம் டிபிஎம்முக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலை ஈடிஎஃப்ஏ இருந்தால் நடுவே செருகுவதற்கென்றே வழி விட்டிருப்பார்கள். அதுதான் இதன் இயல்பான இடம்.

தாமதமும் உண்டு. கண்ணாடியில் ஒளிக்கு கி.மீ.க்கு 5 மைக்ரோவினாடி. பதினாலு கி.மீ. சுருளுக்கு 70 மைக்ரோவினாடி. வீட்டு பிராட்பேண்டுக்கு இது கணக்கிலேயே வராது. பங்குச்சந்தை ஆர்டர் போகும் லிங்க்கில் இதற்காகவே வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். தூரம் 80 என்றதும் டிசிஎம்-80 போட்டு மிச்சத்தை பூஜ்யமாக்க முயல்கிறார்கள். 10ஜி-க்கு பூஜ்யம் தேவையில்லை. சில நூறு பிகோவினாடி/நா.மீ. நேர்மறையாக மிஞ்சட்டும். இழப்பும் குறையும், சுருளும் சிறியதாகும், நீளம் நாளை கொஞ்சம் மாறினாலும் எதிர்மறைப் பக்கம் சரியாது.

## ஃபைபர் பிராக் கிரேட்டிங் (எஃப்பிஜி)

1978-இல் கனடாவின் ஒட்டாவாவில், தகவல்தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் கென்னத் ஹில்லும் அவருடைய சகாக்களும், ஃபைபருக்குள் செலுத்திய லேசர் ஒளியே அதன் ஒளிவிலகல் எண்ணை நிரந்தரமாக மாற்றிவிடுவதைக் கண்டார்கள். அப்படி எழுதிய கோடுகளின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் டிஸ்பர்ஷனை ஈடுகட்டலாம் என்ற யோசனை 1987-இல் வந்தது.

யோசனை அழகானது. பின்தங்கி வரும் நீள அலைநீளத்தை கிரேட்டிங்கின் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். முந்தி வந்த குட்டை அலைநீளத்தைக் கடைக்கோடி வரை நடக்கவிட்டுத் திருப்புகிறார்கள். பத்து செ.மீ. கிரேட்டிங்கில் போய்வர ஒரு நானோவினாடி. இந்தப் பத்து செ.மீ.க்குள் −1360 பிகோவினாடி/நா.மீ. வேண்டுமென்றால் 0.7 நானோமீட்டர் அகலத்தைத்தான் கவனிக்க முடியும், அதாவது ஒரு சானல். அதனால் 50 அல்லது 100 கிகாஹெர்ட்ஸ் சானல் கட்டங்களுக்கு (கிரிட்) தனித்தனியாக ஒன்றன் மேல் ஒன்றாக எழுதுகிறார்கள். முழு சி-பேண்டையும் இடைவெளியின்றிப் பிடிக்க, சில மீட்டர் நீளத்துக்கு எழுதிய தொடர் கிரேட்டிங்குகளும் உண்டு, விலை கூடுதல்.

இழப்பு, திரும்பும் ஒளியை வேறு ஃபைபருக்குத் திருப்பும் சர்குலேட்டரையும் சேர்த்து, மூன்று நான்கு டிபி. இதில் பிடித்தது என்னவென்றால், 40 கி.மீ.க்கு வாங்கினாலும் 120 கி.மீ.க்கு வாங்கினாலும் இழப்பு ஏறக்குறைய அதேதான். தாமதம் நானோவினாடிக் கணக்கில். ஒளி நெருக்கி ஓடும் நீளமே இல்லாததால் பவர் பற்றிய பயமும் இல்லை.

இந்த 97 கி.மீ. லிங்க்கில் வைத்துப் பார்த்தால் −21 டிபிஎம் −24-க்கு இறங்கும். காகிதத்தில் ஈடிஎஃப்ஏ இல்லாமலே முடிந்துவிடுகிறது! ஆனால் அப்படி வைத்திருந்தால் அடுத்த கேபிள் வெட்டில், இரண்டு ஸ்ப்ளைஸ் கூடியதும், லிங்க் விழுந்திருக்கும். 85, 90 கி.மீ.யில் இதே முடிவு சரியாக இருந்திருக்கும். ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஒற்றை ஸ்பானில் டிசிஎஃப்பையும் எஃப்பிஜியையும் விலையால் ஒப்பிடாதீர்கள். டிசிஎஃப்பையும் ஈடிஎஃப்ஏ-வையும் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள், எஃப்பிஜியை மறுபக்கம் வையுங்கள். பல நேரம் தட்டு எஃப்பிஜி பக்கம் சாயும்.

இதற்கும் மறைசெலவு உண்டு. கிரேட்டிங் எழுதும்போது விழும் சிறு பிசகுகளால் தாமத வளைவு நேர்கோடாக இல்லாமல் அலைஅலையாக வரும். ஒன்றிரண்டு ஸ்பானில் 10ஜி அதைக் கண்டுகொள்ளாது. பத்து ஸ்பானில் பத்து கிரேட்டிங் என்றால் அந்த அலைகள் கூடிக்கொண்டே போகும். நீண்ட தொடர்லைனில் நான் எஃப்பிஜியைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பெரிய செலவு சானல் கட்டத்தில் இருக்கிறது. 50 கிகாஹெர்ட்ஸ் கட்டத்துக்கு எழுதிய கிரேட்டிங் வழியாக 400ஜி போகாது. அந்த சிக்னலுக்கு 75 அல்லது 100 கிகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். சுருளாவது குறைகளோடு எல்லாவற்றையும் உள்ளே விடும். கட்டமிட்ட கிரேட்டிங் கதவையே மூடிவிடும்.

## ரிசீவரில் ஈடிசி (மின்னணு டிஸ்பர்ஷன் ஈடு)

சில 10ஜி மாட்யூல்களில் ரிசீவர் சிப்பே கலங்கிய பிட்களைக் கணித்துப் பிரிக்கும். இழப்பு இல்லை, இடம் வேண்டாம், மாட்யூலை மாற்றினால் போதும். ஆனால் நேரடியாக ஒளியின் செறிவை மட்டும் பார்க்கும் ரிசீவருக்கு ஒளியலையின் கட்டம் (ஃபேஸ்) தெரியாது. பாதித் தகவல் டையோடிலேயே தொலைந்துவிடுகிறது. மிஞ்சியதை வைத்துச் சமாளிப்பதால் எல்லை இன்னும் இருபது முப்பது கி.மீ. நகரும், அவ்வளவே. எங்கள் லிங்க் போலக் கொஞ்சம் மட்டும் மீறிப்போன இடத்துக்கு முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான். கடையில் எப்போதும் இருக்காது என்பதுதான் சங்கடம்.

100ஜி பாம்4 (ஒளியின் செறிவை நான்கு படிகளில் மாற்றி டேட்டா அனுப்பும்) மாட்யூல்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலையைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். 80 கி.மீ. டிடபிள்யூடிஎம் என்று விற்கும் இவற்றின் டிஸ்பர்ஷன் தாங்குதிறன் சுமார் ±100 பிகோவினாடி/நா.மீ. தான். வெளியே டிசிஎம்மும் ஆம்ப்ளிஃபையரும் கட்டாயம். 100-ஐ 17-ஆல் வகுத்தால் ஆறு கி.மீ. பாதை ஆறு கி.மீ. சுற்றிப் போனால் லிங்க் போய்விடும். இரண்டு டேட்டா சென்டருக்கு நடுவே யாரும் தோண்டாத சொந்தக் குழாயில் ஓடும் ஃபைபருக்கு இது நல்ல தேர்வு. நெடுஞ்சாலை ஓரத்துக் கேபிளுக்கு வேண்டாம்.

## கோஹரன்ட்

கோஹரன்ட் ரிசீவரில் உள்ளேயே ஒரு லேசர் இருக்கிறது. வரும் ஒளியை அதோடு கலந்து, இரண்டு முனைவாக்கத்திலும் வீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்) அளந்து எண்களாக்கிவிடுகிறது. முழுத் தகவலும் கையில் வந்த பிறகு, டிஸ்பர்ஷன் என்பது தலைகீழ் வடிகட்டி போட்டுத் திருப்பிவிடக்கூடிய நேரியல் கணக்குதான். பிஎம்டி-யும் கூடவே தீர்ந்துவிடுகிறது. நார்டெல் 2008-இல் 40ஜி-யில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 100ஜி-யோடு இது எல்லா இடத்திலும் வழக்கமாயிற்று. 100ஜி கார்டுகள் 40,000 பிகோவினாடி/நா.மீ.க்கு மேலும் தாங்குகின்றன. 17-ஆல் வகுத்தால் 2,300 கி.மீ. தாண்டுகிறது. லைனில் ஒரு சுருள்கூட வேண்டாம்.

ஐந்தாவது அளவுகோலில் இதற்கு இணை கிடையாது. 76 கி.மீ. 97 ஆகட்டும், 130 ஆகட்டும், லிங்க் எழும்போது ரிசீவர் தானே அளந்து, தானே ஈடுகட்டிக்கொள்ளும். அளந்த எண்ணைத் திரையிலும் காட்டும். ஃபீல்டில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லிமாளாது. யாரோ பாதையை மாற்றியிருக்கிறார்கள் என்று, ஓடிடிஆர் எடுக்காமலே, அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கோஹரன்ட் என்று எழுதியிருந்தாலே எல்லை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2020-இல் ஓஐஎஃப் என்ற தொழில்துறை அமைப்பு 400ஜி மாட்யூல்களுக்கு வெளியிட்ட 400இசட்ஆர் வரையறையில் டிஸ்பர்ஷன் எல்லை 2,400 பிகோவினாடி/நா.மீ.; கி.மீ.க்கு 20 என்று வைத்து 120 கி.மீ.க்கான கணக்கு. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க சிப்பில் வேண்டுமென்றே சுருக்கிய எல்லை அது. தவிர, அதன் வெளியீடு −10 டிபிஎம் அளவிலேயே இருக்கலாம். 26 டிபி ஓஎஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு கூடுதல் என்ற அளவு) கேட்கும். 97 கி.மீ.க்கு ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாது. மாட்யூலை மட்டும் வாங்கி வந்து செருகிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஒரு மாட்யூல் 15 முதல் 20 வாட் வரை இழுக்கும். ஏசி நின்றால் உள்ளே நாற்பது டிகிரியைத் தாண்டும் சாலையோர ஷெல்டரில், ஸ்விட்சின் எல்லா போர்ட்டும் அந்த வெப்பத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில ஸ்விட்சுகளில் ஒன்று விட்டு ஒன்றுதான் செருக முடியும். பிழைதிருத்தக் கணக்குக்குச் சில மைக்ரோவினாடி தாமதமும் உண்டு. சுருளின் எழுபதோடு ஒப்பிட்டால் அது சின்னது.

## இரண்டும் ஒரே லைனில் ஓடும்போது

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். டிசிஎம் போட்ட பழைய லைன். பத்து 10ஜி சானல் ஓடுகிறது. இப்போது ஒரு 100ஜி கோஹரன்டைச் சேர்க்க வேண்டும். கோஹரன்டுக்கு டிசிஎம் தேவையில்லை, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணுவோம். அங்கேதான் சிக்கல்.

ஒவ்வொரு ஸ்பான் முடிவிலும் டிசிஎம் பிட்களை மறுபடி கூராக்கிவிடுகிறது. கூரான 10ஜி பிட் ஒவ்வொன்றும், பக்கத்தில் ஓடும் கோஹரன்ட் சானலின் கட்டத்தை (ஃபேஸ்) தட்டிவிடுகிறது. கோஹரன்ட் தகவலைச் சுமப்பதே கட்டத்தில். டிஸ்பர்ஷன் சேர்ந்துகொண்டே போகும் வெற்று லைனில் சானல்கள் விலகி விலகி ஓடுவதால் இந்தத் தட்டல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். டிசிஎம் உள்ள லைனில் ஸ்பானுக்கு ஸ்பான் அதே பிட்கள் அதே இடத்தில் சந்தித்து, தட்டல்கள் கூடும். ஜி.653-இல் கண்ட அதே பாடம். புதிய கடலடி கேபிள்கள் நேர், எதிர் ஃபைபர்களை மாற்றி மாற்றிக் கோக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, டிஸ்பர்ஷனைச் சேரவிட்டே போடப்படுவதற்கும் காரணம் இதுவே.

வேறு வழியில்லை, இரண்டும் சேர்ந்துதான் ஓட வேண்டும் என்றால் 10ஜி-களை பேண்டின் ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள். கோஹரன்டை மறு ஓரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். நடுவே சில சானல்களைக் காலியாக விடுங்கள். 10ஜி-களின் பவரைத் தாங்கும் வரை குறையுங்கள்.

எல்லா 10ஜி-யும் போன பிறகு டிசிஎம்மைக் கழற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஈடிஎஃப்ஏ-வின் நடுவே ஏழு டிபி இழப்பாக அது இவ்வளவு நாள் இருந்தது. அந்த ஆம்ப்ளிஃபையர் அதை நம்பித்தான் அமைக்கப்பட்டது. கழற்றிய இடத்தில் வெறும் பேட்ச் கார்டு போட்டால் ஆதாயச் சமநிலை கலைந்து சானல்கள் மேடுபள்ளமாகிவிடும். அதே மதிப்புள்ள அட்டென்யுவேட்டரைப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாக மறுஅமைவு செய்யுங்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | டிசிஎஃப் சுருள் | எஃப்பிஜி | கோஹரன்ட் |
|---|---|---|---|
| 80 கி.மீ. ஈட்டுக்கு இழப்பு | 7–8 டிபி | 3–4 டிபி | இல்லை |
| கூடுதல் தாமதம் | 70 மைக்ரோவினாடி | நானோவினாடிகள் | சில மைக்ரோவினாடி |
| பல ஸ்பான் லைன் | நல்லது | அலைவு கூடும் | மிக நல்லது |
| பாதை நீளம் மாறினால் | மறுகணக்கு | மறுகணக்கு | தானே சரிசெய்யும் |
| 400ஜி வரும்போது | தடங்கல் | கட்டமிட்டதானால் அடைப்பு | தடை இல்லை |
| மின்சாரம் | வேண்டாம் | வேண்டாம் | அதிகம் |

## யாருக்கு எது

ஏற்கெனவே பல ஸ்பான், பல 10ஜி சானல், இன்னும் இரண்டு மூன்று வருடம் அப்படியே ஓட வேண்டும், ஒரு ஸ்பானின் நீளம் மட்டும் மாறிவிட்டது: டிசிஎஃப். கோஹரன்டுக்கு மாறுபவர்கள் கழற்றிய பெட்டிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டு அலைநீளத்திலாவது இழப்பை அளந்து வாங்குங்கள். வளைந்து நசுங்கிய சுருள் நீண்ட அலைநீளத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஒற்றை ஸ்பான், எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே, ஒன்றிரண்டு 10ஜி, ஆம்ப்ளிஃபையருக்கு இடமோ மின்சாரமோ இல்லை: எஃப்பிஜி. தாமதத்தை எண்ணி விலை கொடுக்கும் வாடிக்கையாளர் இருந்தாலும் இதுவே. ஒரு சானலுக்கு மட்டும் வாங்கினால் அலைநீளத்தை எழுதி ஒட்டிவையுங்கள். உதிரி எஸ்எஃப்பி வேறு சானலில் இருந்தால் நள்ளிரவில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

புதிதாக லைன் அமைப்பவர்கள், அல்லது 100ஜி-க்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டியவர்கள்: கோஹரன்ட், வெற்று லைன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இன்று கொஞ்சம் பணம் மிச்சம் என்று லைனில் சுருளை வைத்தால், நாளைக்கு அதைக் கழற்ற எல்லா 10ஜி வாடிக்கையாளரையும் ஒரே இரவில் நகர்த்த வேண்டும். அந்த இரவின் விலை எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

எங்கள் 97 கி.மீ. லிங்க்குக்கு அப்போது டிசிஎம்-40-ம் ஒரு ஈடிஎஃப்ஏ-வும்தான் போட்டோம். ஈடிசி மாட்யூல் கையிருப்பில் இல்லை, 10ஜி-யே போதும் என்ற நிலை, அன்றிரவே லிங்க் எழ வேண்டும். எழுந்தது, மிச்சம் 969, ஒரு எரர் இல்லை. ஏழு மாதம் கழித்துச் சாலை வேலை முடிந்து கேபிளைப் பழைய பாதைக்கே மாற்றிவிட்டார்கள். 1,292-இல் 680 போனால் 612, அதுவும் நன்றாகவே ஓடியது. டிசிஎம்-80 போட்டிருந்தால் அன்றைக்கு −68-க்குச் சரிந்திருக்கும். ஈடிஎஃப்ஏ-வின் வெளியீடு மட்டும் ஏறியது. தானியங்கிக் கட்டுப்பாடு வைத்திருந்ததால் ரிசீவர் பிழைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசிஎம் பெட்டியின் முகப்பிலும் மூன்று எண் எழுதி ஒட்டுகிறோம்: ஓடிடிஆர் நீளம், போட்ட ஈடு, மிச்சம். ஸ்ப்ளைஸ் டீம் பாதையை மாற்றினால் டிக்கெட்டை மூடும் முன் முதல் எண்ணைத் திருத்தியாக வேண்டும்.